மணிக்கல் எடுத்த குழியும் பக்கத்துக் கிணறும்

இலங்கையில் மாணிக்கக்கல் தேடுகிறவர்கள் மலையைக் குடைவதில்லை. பெரும்பாலும் வயலைத்தான் தோண்டுகிறார்கள். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடர் சரிந்து வரண்ட வலயத்தைத் தொடும் லக்கல, நாவுலப் பக்கங்களிலும் இதே கதைதான். முதலில் மேல்மண்ணை அகற்றுவார்கள். அடுத்து களி, அதற்குக் கீழே மணல். சில மீற்றர் இறங்கியதும் மண்வெட்டி கரகரவென்று உரசத் தொடங்கும். கூழாங்கல்லும் மணலும் களியும் கலந்த அந்தச் சரளைப் படையைத் தொழிலாளர்கள் 'இல்லம' என்கிறார்கள். அதைக் கூடையில் அள்ளி, நீரில் அமிழ்த்தி, சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். களி கரைந்தோடும், இலேசான மணல் விளிம்பைத் தாண்டி வழியும், கனமானவை அடியில் தங்கும். பிறகு கூடையைச் சரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரல்களால் துழாவுவார்கள். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இத்தனை மண்ணும் புரட்டப்படுகிறது.

களு கங்கையும் அம்பன் கங்கையும் பாயும் இந்தப் பள்ளத்தாக்குகள் எலஹெர மாணிக்கக்கல் வலயம் என்று அறியப்பட்டவை. எலஹெர ஊர் பொலன்னறுவை மாவட்டத்தில் இருந்தாலும் வலயம் மாத்தளைக்குள்ளும் நீள்கிறது. நீலக்கல், ஸ்பினல், வைடூரியம், கார்னெட், சிர்க்கோன் என்று இங்கே கிடைப்பவற்றின் பட்டியல் பெரிது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மணிக்கல் இருக்க வாய்ப்புள்ள நிலம் என்று சி. பி. திசாநாயக்கவும் எம். எஸ். ரூபசிங்கவும் 1993 இல் வெளியிட்ட வரைபடம் கணித்தது. அப்படியானால் இந்தக் குழிகளைப் பற்றிய கேள்வி ஓர் ஊரோடு முடிவதில்லை.

கல்லைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. குழிக்குள் ஊறும் நீரைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கல்லும் நீரும் ஒரே படையில் இருப்பது தற்செயல் அல்ல. ஆறு வேகமாக ஓடும்போது எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு வருகிறது. வேகம் குறையும் வளைவில் முதலில் விழுவது கனமானதும் பருத்ததும். படிகக் கல்லின் அடர்த்தி நீரைப் போல் 2.65 மடங்கு, நீலக்கல்லினுடையது 4 மடங்கு, சிர்க்கோன் இன்னும் கனம். எனவே கூழாங்கற்களோடு மணிக்கற்களும் அங்கேயே தங்கிவிடுகின்றன. நுண்ணிய களி நீரோட்டத்தோடு அப்பால் போய்விடுகிறது. பருக்கைகளுக்கு நடுவே இடைவெளி மிஞ்சுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆறு தடம் மாறி விலகிப் போனாலும் அந்த இடைவெளிகளில் நீர் நிற்கிறது, நகர்கிறது. பழைய ஆறு நிலத்துக்கு அடியில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. மாணிக்கம் தேடுகிறவர் தோண்டுவதும் கிணறு வெட்டுகிறவர் தேடுவதும் பல இடங்களில் ஒரே சரளையைத்தான்.

இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையான நீர்தாங்கு படைகளாகப் பிரித்துக் காட்டியவர் மண்ணியலாளர் சி. ஆர். பானபொக்கே. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் படை அதில் ஒன்று. ஆற்றோர வண்டல் படை இன்னொன்று. கடும்பாறை மீது உக்கிய மண்ணும் சிதைந்த பாறையுமாகக் கிடக்கும் மெல்லிய படை மூன்றாவது. மாத்தளையின் கிழக்குப் பகுதிக்குப் பிந்திய இரண்டும்தான் சொத்து. இரண்டுமே ஆழம் குறைந்தவை. மழை வந்தால் நிரம்பும், வெயில் ஏறினால் இறங்கும். பெரிய சேமிப்பு உள்ள குடும்பம் மாதிரி இல்லை. மாதச் சம்பளமே சேமிப்பாக இருக்கும் குடும்பம் மாதிரி. ஒரு மாதம் பிசகினாலும் தெரிந்துவிடும்.

குழி நீர்மட்டத்தைத் தொட்டதும் வேலை நிற்கும். பம்பி வரும். ஒரு சிறிய பம்பி நிமிடத்துக்கு 300 லீற்றர் இறைப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 1,44,000 லீற்றர். சரளையின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் வடியக்கூடிய நீர் என்று கொண்டால், அந்த நீர் 720 கன மீற்றர் சரளையிலிருந்து வடிந்தது. ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட 18 சென்றிமீற்றர் இறக்கம் என்று சொல்லலாம், நீர் ஒரே சீராக இறங்கினால். ஆனால் அது சீராக இறங்குவதில்லை. குழிக்கருகே ஆழமாகவும், தள்ளிப் போகப் போக மெதுவாகவும், புனல் வடிவத்தில் இறங்குகிறது. அந்தப் புனலின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே பக்கத்து வீட்டுக்காரருக்கு முக்கியம். அவருடைய கிணறு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

இதற்கான கணக்கைத் தொடங்கி வைத்தவர் மாணிக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிரெஞ்சுப் பொறியியலாளர். டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து, 1856 இல் தன் விதியை வெளியிட்டார். நீர் நகரும் வேகம், மட்டங்களின் சரிவையும் மண்ணின் ஊடுபுகவிடும் தன்மையையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. எண்களைப் போட்டால்தான் மலைப்பு வரும். நல்ல சரளையில், 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவில், நீர் நாளுக்கு இரண்டு மீற்றர் வரை நகரலாம். அதே சரிவில், இடையில் இறுகிய களி இருந்தால் ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர்கூட நகராது. ஒன்று மாதத்தில் வயலைக் கடந்துவிடும். மற்றது ஆயிரம் ஆண்டில் ஒரு முழ நீளம்தான் போயிருக்கும். நிலத்தின் மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புல்வெளி. எனவே "ஐம்பது மீற்றர் தள்ளித் தோண்டினால் போதும்" என்று ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் விதிப்பதில் அர்த்தமில்லை. அந்தந்த இடத்தில் அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பதற்கு என்ன வேண்டும்? நினைப்பதைவிடக் குறைவு. இன்று மின்கலத்தில் இயங்கும் நாடா கிடைக்கிறது. முனை நீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். அது வருவதற்கு முன்பும் நீரியலாளர்கள் துல்லியமாக அளந்தார்கள். எஃகு நாடாவின் கடைசி ஒரு மீற்றரில் நீலச் சோக்கட்டி தடவுவார்கள். நுனியில் சிறு எடையைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நாடாவின் ஒரு முழு எண்ணைக் கிணற்று விளிம்பில் குறித்த புள்ளியோடு பொருத்திப் பிடிப்பார்கள். மேலே இழுத்தால் நனைந்த இடம் வரை சோக்கு நிறம் மாறியிருக்கும். பிடித்த எண்ணிலிருந்து நனைந்த எண்ணைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் மில்லிமீற்றர் கணக்கில் கிடைத்துவிடும். இன்னொரு வழி, நாடா நுனியில் அடி குழிந்த உலோகக் குப்பி ஒன்றைக் கட்டி இறக்குவது. நீர்ப்பரப்பில் பட்டதும் 'தொப்' என்று ஒலிக்கும். இரண்டு மூன்று தடவை தூக்கித் தூக்கிப் போட்டு எண்ணைப் படிக்கலாம். விளிம்பில் எந்தப் புள்ளியிலிருந்து அளந்தோம் என்று சாயத்தால் ஒரு கோடு போடாவிட்டால் மட்டும் எல்லாம் வீண். இம்முறை கட்டின் மேலிருந்தும் மறுமுறை தரையிலிருந்தும் அளந்துவிட்டு நீர் இறங்கிவிட்டது என்று வழக்குப் போடுகிறவர்கள் உண்டு.

ஒரு கிணறு போதாது. இரண்டும் போதாது. நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அறிய, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் வேண்டும். மூன்றிலும் ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து, கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று மாற்றிக் காகிதத்தில் வரைந்தால் நீரின் சரிவு தெரிந்துவிடும். பள்ளிக்கூட வடிவியல்தான். குழிக்கு மேல்திசையில் ஒரு கிணறும் கீழ்த்திசையில் இரண்டும் என்று வைப்பது வழக்கம். இவை தவிர, குழியின் கை எட்டாத தூரத்தில் ஒரு சாட்சிக் கிணறு அவசியம். அதை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மாத்தளையில் சாட்சிக் கிணறு ஏன் அவ்வளவு அவசியம் என்றால், இங்கே நீர்மட்டத்தை ஏற்றி இறக்கக் காரணங்கள் பல. லக்கலப் பக்கத்துக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. யூலை, ஓகஸ்டில் கிணறுகள் தாமாகவே இறங்கும். பெரும்போகத்தில் வயலில் நீர் கட்டினால் ஏறும். மகாவலி நீர் 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியே உக்குவெலைக்கு வந்து அம்பன் கங்கையில் சேர்கிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 சனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல். பெரிய நீர்த்தேக்கம் ஒன்று நிரம்பினால் அதன் கரையோர நிலத்தடி நீர்மட்டமும் கூடவே ஏறும். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிணறு வற்றினால் பம்பிக்காரர் மழையைக் காட்டுவார், கிணற்றுக்காரர் பம்பியைக் காட்டுவார். சாட்சிக் கிணறும் சேர்ந்து இறங்கியிருந்தால் பழி பருவத்தின் மேல். அது அப்படியே நிற்க, இது மட்டும் இறங்கியிருந்தால் பழி பம்பியின் மேல். இதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. ஆனால் தோண்டத் தொடங்கும் முன்பே குறைந்தது ஒரு முழு ஆண்டின் அளவுகள் கையில் இருக்க வேண்டும். முன்னைய நிலை தெரியாமல் பின்னைய நிலையை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் எதையும் நிரூபிக்க முடியாது.

நீரின் அளவோடு தரமும் உண்டு. கல் அலசிய சேற்றுநீர் ஓடையைக் கலக்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சரளைக்குள் சேறு தூரம் போகாது, வழியிலேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும். போகக்கூடியவை கண்ணுக்குத் தெரியாதவை: பம்பியிலிருந்தும் பெக்கோ இயந்திரத்திலிருந்தும் கசியும் டீசல், குழிக்கரைத் தற்காலிகக் கழிப்பிடத்துக் கிருமிகள், மேல்மண் போனதால் வடிகட்டப்படாமல் இறங்கும் வயல் உரத்தின் நைத்திரேற்று. சுன்னாகத்தில் கிணற்று நீரில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் நமக்கு மறந்திருக்காது. 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க உத்தரவிடும் வரை போனது அது. மணிக்கல் குழி மின்நிலையம் அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் எண்ணெய்க்குப் பெரிது சிறிது கிடையாது. குடிநீரில் அதன் வாடை ஏறச் சில சொட்டுகளே போதும்.

மாத்தளையில் இன்னொரு கவலையும் சேர்கிறது. மேலோட்டமான கிணறு கைவிட்டால் மக்கள் ஆழக் குழாய்க் கிணற்றுக்குப் போவார்கள். வரண்ட வலயத்தில் கடும்பாறைக்குள் நெடுநாள் தங்கிய நீரில் புளோரைட்டு கூடுதலாகக் கரைந்திருப்பது பரவலாக அறியப்பட்ட விஷயம். இலங்கைத் தரநிலை லீற்றருக்கு 1 மில்லிகிராம் புளோரைட்டைத்தான் அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 1.5. காரணம் இன்னும் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் பரவியிருக்கும் பிரதேசங்களில் மாத்தளை மாவட்டத்து வில்கமுவவும் ஒன்று. அந்நோய்க்குச் சொல்லப்படும் சந்தேகங்களில் கடினத்தன்மையும் புளோரைட்டும் கூடிய குடிநீர் முக்கியமானது. எனவே ஆழம் குறைந்த சரளை நீர் இம்மாவட்டத்தில் வெறும் வசதி அல்ல. அதை இழந்தால் அடுத்த தெரிவு மோசமானதாக இருக்கலாம்.

சரி, கல் எடுத்தாயிற்று. குழியை என்ன செய்வது?

அப்படியே விட்டால் குளமாகும். குளம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்து நகருக்கு அனுப்பியது. ஆனால் சரளைக் குழியின் குளம் சுற்றியுள்ள நிலத்தடி நீரோடு நேரடியாகப் பேசும் குளம். நிலத்துக்கு அடியில் நீர்மட்டம் சரிந்து கிடக்கிறது. குளத்து நீரோ தட்டையாகத்தான் நிற்க முடியும். 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவுள்ள இடத்தில் 200 மீற்றர் நீளக் குளம் உண்டானால், மேல்கரையில் நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கும், கீழ்க்கரையில் அரை மீற்றர் ஏறும். ஒரு சொட்டு நீரும் இறைக்காமலே மேல்பக்கத்துக் கிணறு வற்றலாம், கீழ்ப்பக்கத்து வயல் சதுப்பாகலாம். அதோடு ஆவியாதல் வேறு. ஓர் ஏக்கர் திறந்த நீரிலிருந்து நாளுக்கு 4 மில்லிமீற்றர் ஆவியானால் 16,000 லீற்றர் போய்விடும். மண்ணுக்குள் நிழலில் இருந்த நீரை வெயிலில் வைத்ததன் விலை அது.

சிறு குழிகளின் தேங்கிய நீர் இன்னொரு தலைவலியைத் தந்தது: மலேரியா. எலஹெர வலயத்தில் கைவிடப்பட்ட மணிக்கல் குழிகள் அனோபிலிஸ் நுளம்புகளுக்குத் தொட்டிலாயின. ஆய்வாளர் யாப்பாபண்டாரவும் லண்டனைச் சேர்ந்த கிறிஸ் கேர்ட்டிஸும் மற்றவர்களும் மணிக்கல் அகழும் கிராமங்களில் குழி நீரில் பைரிபுரொக்சிபென் என்ற மருந்தை மிகச் சொற்ப அளவில் இட்டுப் பார்த்தார்கள். குடம்பிகள் நுளம்பாக மாறுவது தடைப்பட்டு மலேரியாவும் குறைந்தது என்று 2001 இல் வெளியிட்டார்கள். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னால் குழி குழியாக ஏறி இறங்கிய களப்பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது. நோயைக் கொண்டுவரும் பயணிகள் இன்னும் வருகிறார்கள், நுளம்பும் இன்னும் இருக்கிறது. ஆகவே திறந்த குழியை மறந்துவிடச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

எனவே சட்டம் மூடச் சொல்கிறது. 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபை, அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதே குழியை மூடுவதற்கான வைப்புப் பணத்தையும் வாங்குகிறது. மூடினால் பணம் திரும்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூடுவது என்றால் என்ன என்பதில்தான் எனக்குக் குறை.

தோண்டும்போது களி, மணல், சரளை என்ற வரிசையில் வெளியே வந்தது. சரளை அலசப்பட்டுத் தனிக் குவியலாகவும், அலசிய களி சேறாகவும் பிரிந்துவிட்டது. திருப்பிக் கொட்டும்போது கைக்கு எட்டியது முதலில் போகிறது. அடியில் சேறு, நடுவில் கலவை, மேலே சரளை என்றுகூட ஆகலாம். தரை மட்டமாகிவிடும், புல்லும் முளைக்கும், பார்வையிட வந்த அதிகாரி கையொப்பமும் இடுவார். அடியில் நீர் ஓடிய வழியைச் சேறு அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு குழி என்றால் நீர் சுற்றிப் போய்விடும். பள்ளத்தாக்கின் குறுக்கே அடுத்தடுத்து நூறு குழிகளை இப்படி மூடினால், நிலத்துக்கு அடியில் யாரும் கட்டாத ஓர் அணை எழுந்துவிடும். மேல்பக்கம் ஊறித் தேங்கும், கீழ்ப்பக்கக் கிணறுகள் வாடும். பரிகாரம் கடினமல்ல. தோண்டும்போதே நான்கு குவியலாக வைத்து, அலசிய சரளையை முதலில் அடியில் இட்டு, மணலை அதன்மேல் பரப்பி, களியை அடுத்து, மேல்மண்ணைக் கடைசியில் போட வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். பெக்கோ ஓட்டுகிறவர் கூடுதலாக ஒரு நாள் நிற்க வேண்டியிருக்கும்.

வீதி போடக் கிறவல் வெட்டும் குழிகளுக்கும் இதில் பாடம் உண்டு. அவற்றுக்கு அனுமதி தருவது 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். பெரும்பாலும் மேட்டில் வெட்டுவதால் பம்பிக்கு வேலை இருக்காது. ஆனால் மழைநீரை வாங்கி வடிகட்டி மெதுவாகக் கீழே விட்ட மண்ணைத்தான் லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். அந்த இழப்பு கீழ்ச்சரிவுக் கிணற்றில் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

குழி மூடிய அன்றே அளவெடுப்பையும் நிறுத்திவிடுவதுதான் பொது வழக்கம். தவறு அங்கேதான். பம்பி நின்றதும் சரளையில் நீர்மட்டம் சில வாரங்களில் மீண்டுவிடலாம். சேறு அடைத்த இடத்தின் விளைவோ அடுத்த பெருமழைக்கும் அடுத்த கோடைக்கும் பிறகுதான் வெளிப்படும். எனவே வைப்புப் பணத்தைத் தரை மட்டமானதும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மூடிய பின் இரண்டு பெரும்போகங்களும் இரண்டு சிறுபோகங்களும் கடந்து, மேல்திசை, கீழ்த்திசைக் கிணறுகளின் அளவுகளைச் சாட்சிக் கிணற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீர்வள சபைக்கு இதற்கான அறிவு உண்டு. பிரதேச செயலகத்தில் ஒரு பதிவேடு வைப்பது பெரிய காரியமல்ல.

அதுவரை, உங்கள் வயலுக்கோ தோட்டத்துக்கோ பக்கத்தில் யாராவது குழி வெட்டக் கட்டம் வரைந்தால், அவர்கள் மண்வெட்டியைப் போடும் முன்பே உங்கள் கிணற்று விளிம்பில் சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். மாதம் ஒரு தடவை அந்தக் கோட்டிலிருந்து நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு கொப்பியில் எழுதி, கிராம அலுவலரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.